செய்தவன் யார்? அகுஸ்தீனார் வாழ்வில் ஒரு வினா

வகுப்பறையில் ஒரு கண்ணாடி உடைந்து கிடக்கிறது. "யார் செய்தது?" என்று ஆசிரியர் வினவுகிறார். ஒருவன் அடுத்தவனைக் காட்டுகிறான். அடுத்தவன், "இவன்தான் தள்ளினான், ஐயா, என் கை பட்டுவிட்டது" என்கிறான். மூன்றாமவனோ, "காற்று அடித்தது" என்கிறான். ஆசிரியப் பணியில் இருப்போர் இந்நாடகத்தைக் காணாத ஆண்டு இராது.

விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம் கூறும் முதற் குற்றத்தின் கதையும் இவ்வகையினதே. விலக்கிய கனியை உண்டது ஏன் என்று இறைவன் கேட்க, ஆதாம் ஏவாளைக் காட்டினான். அவளைத் தனக்குத் துணையாகத் தந்தவர் இறைவனே என்பதையும் சொல்லாமல் விட்டானில்லை. ஏவாள் பாம்பைக் காட்டினாள். பாம்பு காட்டுவதற்கு எவரும் இல்லை.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய திருமுகம் இந்தச் சாக்கினை நேரே மறுக்கிறது. தீமையின்பால் இறைவன் எவரையும் ஈர்ப்பதில்லை. அவனவன் ஆசையே அவனவனை இழுத்துச் செல்கிறது. அவ்வாசை கருவுற்றுப் பாவத்தை ஈனுகிறது என்பது அதன் கருத்து. ஈண்டு ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'சோதனை' என்பது இரு பொருள் தரும் சொல். ஒருவனது உறுதியைத் துன்பத்தால் ஆராய்ந்து பார்ப்பதும் சோதனை. தீமைக்கு இழுக்கும் ஈர்ப்பும் சோதனை. இது தமிழில் நேர்ந்த குழப்பமன்று. கிரேக்க மூலத்திலும் அச்சொல் இரு பொருளும் உடையதே. யாக்கோபின் திருமுகம் தன் முதல் அதிகாரத்திலேயே முதற்பொருளில் தொடங்கி இரண்டாம் பொருளுக்கு மாறுகிறது. ஆராய்பவர் இறைவனாக இருக்கலாம். ஈர்ப்பது மட்டும் அவரன்று என்பதே ஆங்குள்ள வேறுபாடு.

அங்ஙனமாயின், செய்தவன் யார்? கிறித்தவ வரலாற்றில் இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் விடாமல் கேட்டவர் அகுஸ்தீனார். அவர் அதற்கு விடை கண்டது நூல்களில் மட்டுமன்று. தம் சாக்குகளை ஒவ்வொன்றாக இழந்து கண்டார்.

பேரிக்காய்த் திருட்டு

அகுஸ்தீனார் கி.பி. 354ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தவர். இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள சூக் அஹ்ராஸ் நகரமே அவ்வூர். தந்தை பத்ரீசியுஸ் தம் இறுதிக் காலம்வரை கிறித்தவர் அல்லர். தாய் மோனிக்கா அழுத்தமான கிறித்தவப் பெண்மணி. பதினாறாம் அகவையில், மேற்படிப்புக்குப் பணம் திரளாமையால், அகுஸ்தீன் ஓராண்டு வீட்டில் வாளா இருக்க நேர்ந்தது. அக்காலத்தில் ஓர் இரவு தோழர் சிலருடன் சென்று, தம் குடும்பத்துத் திராட்சைத் தோட்டத்தின் அருகில் நின்ற ஒரு பேரி மரத்தை உலுக்கிக் காய்களை அள்ளிச் சென்றார். அவை நிறத்தாலும் சுவையாலும் கவரத்தக்கன அல்ல. அவற்றினும் நல்லவை அவர் வீட்டிலேயே இருந்தன. சிலவற்றைச் சுவைத்துவிட்டு எஞ்சியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள்.

இவ்வளவே நிகழ்ச்சி. ஆயின் நாற்பது அகவை கடந்து, ஆயராக வீற்றிருந்தபோது, 397ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கிய 'அறிக்கைகள்' என்னும் நூலில் இச்சிறு திருட்டுக்கு அவர் பல பக்கங்களை ஒதுக்குகிறார். அமெரிக்க நீதிபதி ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ், சிறுவயதில் செய்த காய்த் திருட்டை இம்மனிதர் மலையாக்கிவிட்டாரே என்று நகைத்ததுண்டு. நகைப்பு இயல்பே. எனினும் அகுஸ்தீனார் தேடியது காய்களின் விலையையன்று, காரணத்தை. பசித்தவன் திருடினால் பசி காரணம். வஞ்சம் தீர்க்கக் கொன்றவனுக்கு வஞ்சம் காரணம். தமக்குப் பசியும் இல்லை, பகையும் இல்லை. அப்படியாயின் தாம் விரும்பியது எதனை? தவறு என்று தெரிந்தே செய்வதில் ஓர் இன்பம் இருந்தது. அவ்வின்பத்தையே விரும்பினேன் என்கிறார். தனியாக இருந்திருப்பின் செய்திருக்க மாட்டேன் என்றும் எழுதுகிறார். இவ்விடத்தில் வாசகர் உற்று நோக்குதல் வேண்டும். கூட்டாளிகளைக் காட்டித் தப்புவதற்கு இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை. அவரோ கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்க விரும்பிய தம் நெஞ்சையே மறுபடியும் காட்டுகிறார்.

விண்மீனும் இருளும்

இத்தெளிவு எளிதில் வந்ததன்று. இளம் ஆசிரியராயிருந்த காலத்தில் அவர் சோதிடரை நாடினார். ஒருவன் பாவம் செய்ய வெள்ளியோ சனியோ செவ்வாயோ காரணம் என்று அவர்கள் கணித்துச் சொன்னார்கள். சாதகக் கட்டத்தைப் புரட்டி, "என்ன செய்வது, காலம் சரியில்லை" என்று பெருமூச்செறிவது நமக்குப் புதிதன்று. ஆகவே இப்பகுதியை நாம் அயல்நாட்டுக் கதையாகப் படிக்க இயலாது. விந்திசியானுஸ் என்னும் முதிய மருத்துவர் அந்நூல்களை எறிந்துவிடுமாறு அறிவுரை கூறினார், இளைஞர் கேட்கவில்லை. பின்னர் மிலான் நகரில் ஃபிர்மீனுஸ் என்ற நண்பர் கூறிய செய்தியே அவரை மாற்றியது. ஃபிர்மீனுஸ் செல்வர் வீட்டில் பிறந்த அதே நொடியில், தந்தையின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் ஆண்மகவு பிறந்ததாம். இரு வீட்டாரும் கோள் கணிப்பதில் பித்துக் கொண்டவர்கள்; ஆகவே நேரத்தை நுணுகிக் குறித்து வைத்தார்கள். கட்டம் ஒன்றே. ஆயினும் ஒருவர் கல்வியும் பதவியும் பெற்று உயர்ந்தார். மற்றவன் அடிமையாகவே உழைத்தான். சோதிடர் இருவர்க்கும் ஒரே பலன் சொன்னால் பொய். வெவ்வேறு பலன் சொன்னால் அது கட்டத்தைப் பார்த்துச் சொன்னதன்று. அத்துடன் அகுஸ்தீனார் விண்மீன்களை விடுவித்துவிட்டார்.

இதனினும் பெரிய சாக்கு ஒன்றிருந்தது. கி.பி. 216இல் பிறந்த மானி என்பார் மெசபொத்தாமியாவில் தோற்றுவித்த சமயம், உரோமைப் பேரரசு முதல், பின்னாளில் சீனம் வரை பரவியது. ஒளி, இருள் என்னும் இரண்டு அநாதிப் பொருள்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று பொருது கலந்ததே இவ்வுலகம். மனிதனுள்ளும் இரண்டும் உள்ளன என்பது அதன் கொள்கை. அகுஸ்தீனார் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அச்சமயத்தில் 'கேட்போர்' என்னும் கீழ்ப்படியில் இருந்தார். 383இல், அச்சமயத்தாரின் புகழ்பெற்ற ஆயராகிய ஃபவுஸ்துஸ் கார்த்தேசுக்கு வந்தபோது, தம் ஐயங்களை முன்வைத்தார். அவரிடம் இனிய நா இருந்தது, விடை இல்லை.

அறிவு விலகிய பின்னும் ஒன்று மட்டும் விலகவில்லை. அதே ஆண்டில் உரோமைக்குச் சென்றபோதும், பாவம் செய்வது நான் அல்லேன், என்னுள் இருக்கும் வேறோர் இயற்கை என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. குற்றமற்றவனாக இருப்பது தம் செருக்குக்கு இனித்தது என்று பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார். ஒரு கொள்கையை நாம் பற்றிக்கொள்வது அது மெய் என்பதனால் மட்டுமன்று, அது நமக்குத் தரும் வசதியினாலும் ஆகும் என்பதை இவ்வளவு கூசாமல் சொன்ன அறிஞர் அரியர்.

மிலான் தோட்டம்

384இல் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியரானார். ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளும் பிளேட்டோ வழியினரின் நூல்களும் அவர் மனத்தை இளக்கின. 386இல் ஒரு தோட்டத்தில் நிகழ்ந்த அவரது உட்போராட்டம் 'அறிக்கைகள்' நூலின் எட்டாம் பகுதியில் உள்ளது. கையை அசை என்று மனம் கட்டளையிட்டால் கை உடனே அசைகிறது. மனம் தனக்கே கட்டளையிட்டால் மனம் கேட்பதில்லையே, இஃது என்ன விந்தை என்று அவர் வியக்கிறார். மானியின் சமயத்தார், "பார், உன்னுள் இரு இயற்கைகள் உள்ளன" என்று சொல்லியிருப்பர். அவர் மறுக்கிறார். ஒருவன் நாடக அரங்குக்குச் செல்வதா, மானியர் கூட்டத்துக்குச் செல்வதா என்று தடுமாறினால் அங்கும் இரு விருப்பங்கள் உள்ளனவே. அவ்விரண்டில் எது ஒளி? மூன்று நான்கு ஆசைகள் ஒரே நேரத்தில் இழுத்தால், மூன்று நான்கு இயற்கைகளா? விரும்பியவனும் நானே, விரும்பாதிருந்தவனும் நானே என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அம்புரோசியார் கையால் திருமுழுக்குப் பெற்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்லுதல் நேர்மையாகாது. கார்த்தேசில் தொடங்கிப் பல ஆண்டுகள் அவருடன் ஒரு பெண் வாழ்ந்தார். அவர்களுக்கு அதேயோதாத்துஸ் என்னும் மகன் பிறந்தான். பெரிய இடத்துத் திருமணம் ஒன்று பேசப்படவே, அப்பெண் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். இனி வேறு ஆடவரை அறியேன் என்று நோன்பு பூண்டு அவர் சென்றார். அகுஸ்தீனாரோ, மணப்பெண் உரிய வயதடைய வேண்டிய இரண்டாண்டும் பொறுக்க மாட்டாமல் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். இதனையும் அவரே எழுதியுள்ளார். தம் நெஞ்சு கிழிந்து குருதி கசிந்தது என்கிறார். ஆயினும் அப்பெண்ணின் பெயரை எங்கும் சொல்லவில்லை. பேரிக்காய்களுக்குப் பல பக்கங்கள். அவருக்குச் சில வரிகள். தம் இச்சையைக் குற்றமென ஒப்புக்கொண்டவர், அந்த ஓர் உயிருக்கு இழைத்த தீங்கினை அதே அளவு கண்டாரா என்பது என் ஐயம்.

இசைவு என்னும் படி

ஈர்ப்புத் தோன்றியவுடனே ஒருவன் பாவியாகிவிடுகிறானா? இல்லை என்பதில் அக்காலப் பெரியோர் ஒருமித்தனர். எகிப்தியப் பாலைநிலத் துறவியாகிய எவாகிரியுஸ் (இறப்பு: 399) தீய எண்ணங்களை எட்டாக வகுத்தவர். அவை நம்மை வந்து தாக்குவது நம் கையில் இல்லை, உள்ளே தங்கவிடுவதும் விடாததும் நம் கையில் உள்ளது என்று அவர் பிரித்துக் காட்டினார். அகுஸ்தீனார் மலைப்பொழிவுக்கு எழுதிய விளக்கவுரையில் இதனை மூன்று படிகளாக அமைத்தார்: தூண்டல், சுவைப்பு, இசைவு. பாம்பு, ஏவாள், ஆதாம் மூவரையும் இம்மூன்று படிகளுக்கு ஒப்பிட்டார். பெண்ணைச் சுவைப்புக்கும் ஆணை அறிவுக்கும் நிகராக்கிய அவ்வுவமை இன்று நமக்கு உவப்பானதன்று. ஆயினும் வகுப்பு நுட்பமானது. இசைவு நேரும் இடத்தில்தான் பாவம் முழுமையடைகிறது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. 410ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அலாரிக்கின் கோத்தியப் படை உரோமை நகரத்துள் புகுந்து மூன்று நாள் சூறையாடியது. பெண்கள் பலர் கற்பழிக்கப்பட்டனர். துறவு நோன்பு பூண்ட கன்னியரும் அவருள் இருந்தனர். மானத்துக்கு அஞ்சிச் சிலர் உயிர் நீத்தனர். உயிரோடிருந்தோரை ஊர் எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். 413இல் தொடங்கிய 'கடவுளின் நகரம்' என்னும் பெருநூலின் முதற் பகுதியிலேயே அகுஸ்தீனார் அவர்கள் சார்பில் எழுந்தார். கற்பு உள்ளத்தின் உடைமை. உள்ளம் இசையாதபோது உடலுக்கு நேர்ந்த கொடுமை அதனைத் தீண்டாது. பிறன் செய்த பாவத்துக்காக நீ உன்னைக் கொன்றுகொள்ளாதே என்றார். உரோமர் தலைமேல் வைத்துப் போற்றிய லுக்ரீசியாவின் தற்கொலையையும் அவர் வினாவுக்கு உள்ளாக்கினார். அவள் குற்றமற்றவளாயின் சாவுத் தண்டனை எதற்கு?

செய்தவனே பொறுப்பு என்னும் கொள்கையின் மறுபக்கம் இதுவே: செய்யாதவர்க்குப் பொறுப்பில்லை. ஆனால் அதே நூலில், அப்பெண்களுட் சிலர்க்கு நோன்பைப் பற்றிய மறைவான செருக்கு இருந்திருக்கலாம் என்றும் ஒரு வார்த்தை எழுதிவிட்டார். அதனை எழுதாதிருந்திருக்கலாம்.

பெலாஜியுசின் அச்சம்

பிரித்தானியத் தீவிலிருந்து வந்து உரோமையில் ஒழுக்கம் போதித்தவர் பெலாஜியுஸ். செல்வர் வீட்டுக் கிறித்தவர்கள் பெயரளவில் வாழ்ந்ததைக் கண்டு மனம் நொந்தவர். 'அறிக்கைகள்' நூலில், இறைவா, நீ ஏவுவதைச் செய்யும் ஆற்றலையும் நீயே தருக என்ற கருத்தில் வரும் ஒரு வேண்டுதலை ஓர் ஆயர் எடுத்துக் கூற, பெலாஜியுஸ் பொறுக்க மாட்டாமல் சினந்தார் என்று அகுஸ்தீனாரே பின்னர் எழுதியுள்ளார். அச்சினத்தின் காரணம் நமக்கு விளங்காததன்று. ஆற்றல் தர வேண்டியவர் இறைவன் என்றால், தவறியவன், "எனக்கு அவர் தரவில்லை" என்று சொல்லிவிடுவானே! மனிதனைப் படைத்தவர் அவனால் முடியாததைக் கட்டளையிட மாட்டார் என்பதே, 413இல் தெமெத்ரியாஸ் என்னும் இளங்கன்னிக்கு அவர் விடுத்த மடலின் சாரம்.

பாவத்துக்குப் பொறுப்பு மனிதனே என்பதில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பலர் காண்பதில்லை. பிரிவு, வெல்லும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான். பெலாஜியுஸ், உன்னால் முடியும், செய் என்றார். அகுஸ்தீனார், நான் முயன்றேன், முடியவில்லை என்றார். 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதி இதற்குச் சான்று. அங்கே பேசுபவர் பழைய களியாட்டக்காரர் அல்லர், ஆயர். கனவில் வரும் பழைய இச்சைகள், உடலுக்கு வேண்டிய உணவு முடிந்து நாவின் ஆசை தொடங்கும் இடம் தெரியாமை, வேட்டை நாய் முயலைத் துரத்துவதையும் பல்லி ஈயைப் பிடிப்பதையும் கண்டு மனம் தியானத்தை விட்டு ஓடுதல் எல்லாவற்றையும் எழுதுகிறார். புகழாசையைப் பற்றிக் கூறுமிடமே எனக்கு மிகப் பிடித்தது. புகழை வெறுக்கிறேன் என்று சொல்லிப் புகழ் பெறும் தந்திரத்தையும் தம்முள் அவர் பிடித்துவிட்டார்!

வழக்கின் போக்கை விரிக்க வேண்டுவதில்லை. 411இல் பெலாஜியுசின் துணைவர் செலஸ்தியுஸ் கார்த்தேசில் கண்டிக்கப்பட்டார். 415இல் பாலத்தீனத்துச் சங்கம் பெலாஜியுசைக் குற்றமற்றவர் என்றது. 418இல் பேரரசர் ஹொனோரியுசின் ஆணையும் ஆப்பிரிக்க ஆயர்களின் தீர்ப்பும் அவரை வீழ்த்தின. அதன்பின் அவர் வரலாற்றிலிருந்து மறைந்தார். ஒழுக்கத்துக்காக வாதாடிய ஒருவரை அரசாணையால் துரத்தியது அழகன்று.

வென்றவர்க்கும் ஒரு முள் தைத்தது. ஆதாமின் குற்றம் பிறந்த குழந்தையையும் பற்றுகிறது என்று அகுஸ்தீனார் வற்புறுத்தினார். எக்லானும் நகர் ஆயர் ஜூலியானுஸ் அவரைக் கடைசிவரை விடவில்லை. இசைவு இல்லாத இடத்தில் பாவம் இல்லை என்றீரே, தொட்டிற் குழந்தை எதற்கு இசைந்தது? கீழைத் திருச்சபைகள் பரம்பரைக் குற்றத்தை அகுஸ்தீனார் கூறிய முறையில் ஏற்கவில்லை. உரோமைப் பெண்களுக்காக வாதாடியபோது அவர் பிடித்த அளவுகோலை இங்கே கீழே வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

துறவிகளின் கேள்வி

பெலாஜியுஸ் அஞ்சிய சாக்கு ஒருநாள் உண்மையாகவே எழுந்தது. இன்றைய துனீசியாவில் சூஸ் எனப்படும் ஹத்ருமேத்தும் நகரில் ஒரு மடம் இருந்தது. 426ஆம் ஆண்டையொட்டி அங்குள்ள துறவிகள் சிலர் அகுஸ்தீனாரின் மடல் ஒன்றைப் படித்துவிட்டு வாதிடத் தொடங்கினர். எல்லாம் அருளால் ஆவதாயின், தவறிய எங்களைத் தலைவர் கடிந்துகொள்வது ஏன்? அருள் கிடைக்க எங்களுக்காக வேண்டிக்கொண்டால் போதாதா?

மிக நயமான சாக்கு. விண்மீனைக் காட்டியவரும் இருளைக் காட்டியவரும் போக, இப்போது இறைவனின் அருளையே காட்டினர். ஆதாம் காட்டிய திசைதான். எழுபது அகவை கடந்த ஆயர் இரு நூல்கள் எழுதி விடையளித்தார். நீ தீயவனாயிருப்பது உன் குற்றம். அதற்காகக் கடிந்துகொள்ளப்பட விரும்பாதது அதனினும் பெரிய குற்றம் என்பது அவர் கூற்றின் கருத்து. கடிந்துரை சுடும், சுட்டால் வேண்டுதல் பிறக்கும், வேண்டுதலில் அருள் வரும் என்றார். அருளைத் தம் வாழ்நாளெல்லாம் போற்றியவர், அதனை ஒளியிடமாக்க எவரையும் விடவில்லை.

அதே காலத்தில் தாம் எழுதிய நூல்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, எங்கெங்குத் தவறினேன் என்று திருத்தக் குறிப்பு எழுதி, 'மீள்நோக்கு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலாக்கினார்.

429இல் வண்டாலியர் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குள் புகுந்தனர். 430இல் அவருடைய இப்போ நகரம் முற்றுகையிடப்பட்டது. முற்றுகையின் மூன்றாம் திங்களில் அவர் காய்ச்சலில் படுத்தார். அவருடன் வாழ்ந்த பொசிதியுஸ் என்னும் ஆயர் அந்நாட்களைப் பற்றி எழுதி வைத்துள்ளார். தாவீதின் திருப்பாடல்களுள் பாவத்துக்கு வருந்தும் சிலவற்றைப் படியெடுக்கச் சொல்லி, படுக்கையிலிருந்து பார்க்குமாறு சுவரில் பொருத்தச் செய்தாராம். கிடந்தவாறே அவற்றைப் படித்துப் படித்து அழுதாராம். இறப்பதற்கு ஏறத்தாழப் பத்து நாட்களுக்கு முன், மருத்துவர் வரும்போதும் உணவு கொணரும்போதும் அன்றி எவரும் தம் அறைக்குள் வரலாகாது என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 28ஆம் நாள் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து.